கசகசாவுக்குக் கால் முளைத்தால்

மே பிறந்து மூன்று கிழமை ஆகவில்லை. சிப்லொக் பையோடு என் மருந்தகக் கவுண்டருக்கு வந்த நாலாவது குடும்பம் இது. பைக்குள் ஓர் உண்ணி, தலை இல்லாமல். தலை பிள்ளையின் காதுக்குப் பின்னால் இருந்தது. “தேங்காய் எண்ணெய் பூசி அரை மணித்தியாலம் பார்த்தனாங்கள். விழேல்லை. பிறகு அம்மம்மா நகத்தால கிள்ளிப்போட்டா” என்றார் தாய்.

அம்மம்மாவைக் குறை சொல்ல மனமில்லை. ஊரில் நாய்க்கு அப்படித்தானே செய்தோம். ஆனால் இங்கே கனடாவில், ஸ்காபரோவின் ரூஜ் பூங்காவில் இருக்கிற கருங்கால் உண்ணி, கடித்தால் தொற்றுகிற லைம் நோயின் கிருமியைக் காவக்கூடியது. எண்ணெய், வாஸ்லின், நெயில் பொலிஷ், நெருப்புக்குச்சி எது வைத்தாலும் மூச்சுமுட்டிக் கழன்றுவிடும் என்று யார் சொன்னது? அது மூச்சு விடுவதே மணித்தியாலத்துக்குச் சில தடவைதான். நீங்கள் காத்திருக்கிற நேரமெல்லாம் அது இரத்தம் குடித்துக்கொண்டிருக்கும். வெருட்டினால் வயிற்றில் உள்ளதைக் கடிவாய்க்குள்ளேயே கக்கவும் கூடும். போன வருடம் ஒரு அப்பா நெருப்புக்குச்சி வைத்து, கடைசியில் தீப்புண்ணுக்கும் களிம்பு வாங்கிப் போனார்.

நுனி கூரான ட்வீசரால் தோலோடு ஒட்டப் பிடித்து, நேரே மேலே மெதுவாக இழுங்கள். திருகாதீர்கள். சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். வாய்ப்பகுதி உள்ளே மாட்டி, லேசில் வராவிட்டால் விடுங்கள். ஊசியால் கிண்ட வேண்டாம்.

“இன்னும் குளிர்தானே” என்கிறார்கள். 4 பாகை செல்சியஸைத் தாண்டினாலே உண்ணி நடமாடத் தொடங்கிவிடும். காட்டில் பூக்கிற ட்ரிலியம் பூவுக்குப் பக்கத்தில் பிள்ளையைக் குந்தவைத்துப் படமெடுக்கப் பாதையை விட்டு இறங்குகிறீர்களே, அந்தச் சருகுக்குள்தான் காத்திருக்கும். காற்சட்டையைக் காலுறைக்குள் செருகிவிடுங்கள், மானம் போகாது. வீட்டுக்கு வந்ததும் குளிக்க வார்த்து, காதுமடல், கக்கம், கவட்டி, முழங்கால் மடிப்பு, தலைமயிர் எல்லாம் தடவிப் பாருங்கள். குஞ்சு உண்ணி கசகசா அளவுதான். 24 மணித்தியாலத்துக்குள் எடுத்துவிட்டால் லைம் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு. அதனால்தான் அன்றிரவே பாருங்கள் என்று கெஞ்சுகிறேன்.

இன்னொன்று. லைம் தொற்றினால் தோலில் வருமென்று படங்களில் காட்டுகிற சிவப்பு வளையம் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தது. எங்கள் தோலில் அது கண்டல் போல மங்கலாகவும் தெரியலாம். உண்ணி கடித்து 3 முதல் 30 நாளுக்குள் அப்படி ஏதாவது படர்ந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ டொக்டரிடம் காட்டுங்கள்.

2023 ஜனவரியிலிருந்து ஒன்டாரியோவில் மருந்தாளர்களே, உண்ணி கடித்தவருக்கு லைம் வராமல் தடுக்கும் மருந்தை எழுதலாம். எல்லோருக்கும் தரமாட்டோம், உண்ணியைக் கழற்றி 72 மணித்தியாலத்துக்குள் வந்தால்தான் யோசிக்கவே முடியும். வரும்போது உண்ணியையும் கொண்டு வாருங்கள். தலையோடு.