ஜட்ஜ் அட்வகேட்: நீதிபதியும் அல்லர், வக்கீலும் அல்லர்

'ஜாக்' என்ற அமெரிக்கத் தொடரின் பெயர் 'ஜட்ஜ் அட்வகேட் ஜெனரல்' என்பதன் சுருக்கம். 1995 முதல் 2005 வரை பத்துப் பருவங்கள் ஓடிய தொடர் அது. கடற்படையின் சட்டப் பிரிவில் வேலை பார்க்கும் அதிகாரிகளின் கதை. ஜட்ஜ், அட்வகேட், ஜெனரல் ஆகிய மூன்றும் தமிழருக்குப் பழகிய சொற்கள்தான். ஆனால் இந்தத் தொடரில் மூன்றுமே நாம் நினைக்கும் பொருளில் வருவதில்லை. 'நீதிபதி வழக்கறிஞர் தளபதி' என்று சொல்லுக்குச் சொல் மாற்றிவைத்தால் கதை மாந்தர்களையே தவறாகப் புரிந்துகொள்வோம்.

கடைசிச் சொல்லை முதலில் பார்ப்போம். தொடரில் அந்தப் பதவியில் இருப்பவர் ஏ. ஜே. செக்விடன். அவர் கடற்படை அட்மிரல். கடற்படையில் ஜெனரல் என்ற பதவிநிலையே கிடையாது. இங்கே ஜெனரல் என்பது தளபதியைக் குறிக்கவில்லை; 'அனைத்துக்கும் பொதுவான', 'எல்லாருக்கும் மேலான' என்பதே பொருள். அட்டர்னி ஜெனரலில் வரும் ஜெனரலும் இதுவே. இலங்கைத் தமிழில் அட்டர்னி ஜெனரலைச் 'சட்டமா அதிபர்' என்பார்கள். காவல்துறைத் தலைவர் 'பொலிஸ் மா அதிபர்'. ஜெனரல் என்ற ஒலியில் மயங்காமல் அதன் பொருளைப் பிடித்த மொழிபெயர்ப்பு இது. தமிழ்நாட்டில் நாம் 'தலைமை' என்ற சொல்லால் அதையே செய்கிறோம்.

அட்வகேட் லத்தீனிலிருந்து வந்தது: 'துணைக்கு அழைக்கப்பட்டவர்' என்று பொருள். ஜட்ஜ் என்பதும் லத்தீன் வழிதான், 'நியாயத்தை எடுத்துச் சொல்பவர்'. இந்த இரண்டும் ஏன் ஒட்டிக்கொண்டன? பழைய படைகளில் வீரர்களை விசாரித்தவர்கள் சட்டம் படிக்காத படை அதிகாரிகள். அவர்கள் அருகில் உட்கார்ந்து 'சட்டம் இப்படிச் சொல்கிறது' என்று எடுத்துரைக்க ஒருவர் வேண்டியிருந்தது. அவர்தான் ஜட்ஜ் அட்வகேட். அமெரிக்காவில் 1775 ஜூலை 29 அன்று, வாஷிங்டன் தலைமையில் இருந்த படைக்கு வில்லியம் டியூடர் அந்தப் பதவியில் அமர்த்தப்பட்டார்.

1806ஆம் ஆண்டின் அமெரிக்கப் போர் விதிகளில் 69ஆவது விதியை நான் பலமுறை படித்திருக்கிறேன். ஜட்ஜ் அட்வகேட் அரசின் பெயரால் வழக்கு நடத்த வேண்டும். அதே ஆள், சாட்சிக்கே பதிலை ஊட்டும் கேள்விகளையும், கைதி தன் வாயாலேயே குற்றத்தில் மாட்டிக்கொள்ளவைக்கும் கேள்விகளையும் எதிர்த்து, கைதியின் வழக்குரைஞர் போலவும் நிற்க வேண்டும். குற்றம் சாட்டும் வாயும் காப்பாற்றும் வாயும் ஒன்றே! பிற்காலத்தில் இந்தப் பொறுப்புகள் பிரிக்கப்பட்டன. 1968 சட்டத்தின் வழியாகப் படை நீதிபதி என்ற தனிப் பதவியும் வந்தது. இன்று அமெரிக்கப் படைகளில் சட்டப் பணி செய்யும் அதிகாரிகள் எல்லாருக்கும் ஜட்ஜ் அட்வகேட் என்றே பெயர்.

அந்தப் பழைய இரட்டை முகம் தொடரில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதனால்தான் எனக்கு இந்தத் தொடர் பிடிக்கிறது. தொடரின் நாயகன் ஹார்ம் ராப் ஒரு வாரம் குற்றம் சாட்டுவார், அடுத்த வாரம் அதே மன்றத்தில் காப்பாற்றப் பேசுவார். எதிர்ப் பக்கத்தில் சக பெண் அதிகாரி மாக் மெக்கன்சி நிற்பார். இருவருக்கும் ஒரே அலுவலகம், ஒரே தலைவர்.

2003 ஏப்ரல் 22 அன்று வந்த 'ஐஸ் குயீன்', அடுத்த வாரம் வந்த 'மெல்ட்டவுன்' ஆகிய இரண்டு அத்தியாயங்களையும் சேர்த்து ஒரே கதையாகப் பார்க்க வேண்டும். ஹார்மின் சக அதிகாரி லெப்டினன்ட் லோரன் சிங்கர் கொலையாகிக் கிடக்கிறார். சந்தேகம் ஹார்ம் மேல் விழுகிறது. விசாரிக்க வரும் கிப்ஸ் சட்ட அதிகாரி அல்லர், புலனாய்வாளர். அவருடைய புலனாய்வுக் குழுவை வைத்துத்தான் அதே ஆண்டு செப்டம்பரில் 'என்சிஐஎஸ்' என்ற புதுத் தொடர் தொடங்கியது. பலருக்கு இந்த இரண்டு அத்தியாயங்களும் கிப்ஸால்தான் நினைவில் நிற்கின்றன. எனக்கு நிற்பவர் ஃபெய்த் கோல்மன், ஹார்முக்காக வாதாட வரும் பெண் அதிகாரி. நட்புக்காக வந்தவர் இல்லை, கட்சிக்காரரைப் பிடித்துப்போய் வந்தவரும் இல்லை. வேலை என்று வந்தவர். துணைக்கு அழைக்கப்பட்டவர் என்ற பழைய லத்தீன் பொருளுக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் தொடரில் இல்லை. சிங்கரை ரசிகர்கள் நிறையத் திட்டியிருக்கிறார்கள். முன்னேறத் துடித்தார், சக ஊழியர்களைப் பகைத்துக்கொண்டார், உண்மைதான். ஆனாலும் இவ்வளவு கூர்மையாக எழுதப்பட்ட ஒரு பாத்திரத்தைப் புதுத் தொடர் ஒன்றின் வாசலில் பிணமாகக் கிடத்தியது எனக்கு இன்றும் வருத்தம். ஆப்கானிஸ்தானில் கண்ணிவெடியில் காலை இழந்தும் வேலைக்குத் திரும்பிய இன்னொரு சட்ட அதிகாரி பட் ராபர்ட்ஸ்மேல் உள்ள பிரியத்தைத் தனியே எழுத வேண்டும்.

இனி தமிழுக்கு வருவோம். 'ராணுவ வழக்கறிஞர்' என்று எழுதுவது வழக்கம். அதில் எனக்கு இரண்டு குறைகள் தெரிகின்றன. ராணுவம் என்றதும் தரைப்படைதான் நம் மனதில் எழுகிறது. இந்தக் கதையோ கடற்படையில் நடப்பது. 'படை' என்றால் தரைப்படை, கடற்படை, வான்படை எல்லாவற்றுக்கும் பொருந்தும். அடுத்தது, வழக்கறிஞர் என்பவர் ஒரு கட்சிக்காரருக்காகப் பேசுபவர். இந்தியாவின் 1950 தரைப்படைச் சட்டத்தில் 129ஆவது பிரிவைப் பாருங்கள்: பெரிய படைமன்றம் (ஜெனரல் கோர்ட் மார்ஷல்) ஒவ்வொன்றிலும் ஜட்ஜ் அட்வகேட் ஒருவர் இருந்தாக வேண்டும். அவருக்கு அங்கே கட்சிக்காரர் கிடையாது, தீர்ப்பில் வாக்கும் கிடையாது. சட்டத்தை எடுத்துரைப்பது மட்டுமே அவர் வேலை.

உரைத்தல் என்ற வினை நீதிமன்றத்துக்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியன் அவையில் நியாயம் கேட்கும் பகுதிக்கே வழக்குரை காதை என்று பெயர். வழக்கை உரைப்பவர் வழக்குரைஞர் என்றால், சட்டத்தை உரைப்பவர் 'சட்டவுரைஞர்'. அரசின் பக்கம் நின்றாலும், கைதியின் பக்கம் நின்றாலும், மன்றத்தின் அருகில் உட்கார்ந்தாலும் இந்தப் பெயர் பிசகாது. ஆகவே ஜட்ஜ் அட்வகேட் 'படைச் சட்டவுரைஞர்'. செக்விடனின் பதவி 'தலைமைப் படைச் சட்டவுரைஞர்'.

கோர்ட் மார்ஷலைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த மார்ஷல் ஏர் மார்ஷல் போன்ற பதவிப் பெயர் இல்லை. ரோமானியரின் போர்க் கடவுள் மார்ஸ் பெயரிலிருந்து வந்த சொல். 'ராணுவ நீதிமன்றம்' என்றால், சில நாடுகளில் பொதுமக்களையே நிறுத்தி விசாரிக்கும் ராணுவ மன்றங்களோடு குழம்பிவிடும். தன் வீரரைத் தானே விசாரிக்கும் மன்றத்துக்குப் 'படைமன்றம்' போதும்.

தொடருக்குத் தமிழில் வசன வரி எழுதும் வாய்ப்பு கிடைத்தால், மாக் ஒரு கைதியின் அறைக்குள் நுழையும் காட்சியில் இப்படி எழுதுவேன்: "நான் கர்னல் மெக்கன்சி, படைச் சட்டவுரைஞர். உங்களுக்காகப் பேச வந்திருக்கிறேன்."