தண்டுவடக் கட்டி எடுத்தாகிவிட்டது, பிறகும் ஏன் ஸ்கேன்?

"நல்லாத்தானே இருக்கேன் டாக்டர், மறுபடியும் எதுக்கு ஸ்கேன்?" தண்டுவடக் கட்டி அறுவை முடிந்து மூன்றாம் வருடம் வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் பேச்சை ஆரம்பிப்பார்கள். நியாயமான கேள்விதான்.

இந்தக் கட்டிகளில் பலவும் மெதுவாக வளர்பவை. தண்டுவடத்துக்குள்ளேயே வளரும் எபென்டிமோமா என்ற கட்டியை முழுதாக எடுத்திருந்தாலும் 10 வருடம் கழித்துக்கூடத் திரும்ப வரலாம். மெல்ல மெல்லக் கூடும் அழுத்தத்தைத் தண்டுவடம் வெகுநாள் பொறுத்துக்கொள்ளும். கால் தளரும்போதுதான் நமக்குத் தெரியவரும். தளர்ந்தபின் அறுவை செய்தால் இழந்த பலம் முழுதாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது. நன்றாக நடக்கும்போதே எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வது இதனால்தான். ஷ்வானோமா போலத் தண்டுவடத்துக்கு வெளியே இருந்த கட்டி முழுதாக வந்துவிட்டால், ஸ்கேன்களுக்கு இடையே நாள் கூடுதலாக விடலாம்.

ஸ்கேன் பாதி வேலைதான். ஒருவர் எல்லாம் சரி என்று சொல்லிவிட்டு, எழுந்து போகும்போது, "முகத்துக்குச் சோப்பு போட்டா மட்டும் சுவரைப் பிடிச்சுக்கிறேன்" என்றார். உட்காரவைத்தேன். தண்டுவடத்துக்குள் இருக்கும் கட்டியை எடுக்க, தண்டுவடத்தின் பின்பக்கத்தைப் பிளந்துதான் உள்ளே போகிறோம். கால் எங்கே இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்புகள் அங்கேதான் ஓடுகின்றன. அவை பாதிக்கப்பட்டால் கண்தான் துணை; கண்ணை மூடினால் தள்ளாட்டம். அறுவை முடிந்த நாளிலிருந்தே இருந்தால் பெரிதாகப் பயப்பட வேண்டாம். போன மாதம் தொடங்கியதென்றால் கதை வேறு. எனவே என் முதல் கேள்வி எப்போதும் "எப்போதிலிருந்து?" என்பதுதான்.

சிறுநீர் பற்றி யாரும் தானாக வாய் திறப்பதில்லை. போனபிறகும் பை காலியாகாமல் தேங்கினால், வலியே இல்லாமல் சிறுநீரகம் கெடக்கூடும். கூச்சப்படாமல் சொல்லுங்கள். அப்புறம், தசை இறுக்கத்துக்கு பாக்லோஃபென் சாப்பிடுகிறவர்கள் திடீரென்று நிறுத்தக் கூடாது, வலிப்பு வரலாம்.

குழந்தைகளுக்கு முதுகெலும்பின் பின்பகுதியைத் திறந்திருந்தால், வளரும்போது முதுகு கூன் விழ வாய்ப்புண்டு. வளர்ச்சி நிற்கும்வரை நிற்கவைத்து எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும்.

ஸ்கேனுக்கு வரும்போது பழைய ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, சிடியையும் கொண்டுவாருங்கள். ஸ்கேனின்போது ஊசியில் ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்தில் கட்டியைப் போலவே அறுவைத் தழும்பும் வெள்ளையாகத் தெரியும். அது தழும்பா கட்டியா என்று ஒரே படத்தை வைத்துச் சொல்வது பல நேரம் கஷ்டம். அறுவைக்குப் பின் எடுத்த முதல் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வளர்ந்திருக்கிறதா என்று தெரியும்.