பூத்துப்போன பீப்பாயும் வெந்தய வாசமும்

ஊறுகாய் ஜாடிக்குள் ஈரக் கரண்டியை விட்டால் என்ன ஆகும் என்று எல்லா வீட்டுக்கும் தெரியும். நாலு நாளில் மேலே வெள்ளையாக ஒரு படலம் வந்துவிடும். ‘பூத்துப்போச்சு’ என்று சொல்லித் தூக்கிக் கொட்டுவோம். கெட்டுப்போவதற்குப் போய்ப் பூவின் பெயரை வைத்தது நாம் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். பிரெஞ்சுக்காரர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஒயினின் மேல் படரும் படலத்துக்கு அங்கே ‘ஃப்ளூர்’ என்று பெயர். பூ என்றுதான் பொருள். ஸ்பெயினில் ‘ஃப்ளோர்’. அதுவும் பூதான்.

பீப்பாய் பூத்தால் ஒயின் செய்கிற எவருக்கும் வயிற்றில் புளியைக் கரைக்கும். ஆனால் பிரான்ஸின் கிழக்கு ஓரத்தில், பர்கண்டிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் நடுவே ஜுரா என்றொரு மலைப்பகுதி இருக்கிறது. அங்கே ஒரு வகை ஒயினுக்குப் பீப்பாய் பூக்காவிட்டால்தான் கவலை. அந்த ஒயினின் பெயர் ‘வான் ஜோன்’, மஞ்சள் ஒயின். அறுவடையிலிருந்து பாட்டிலுக்கு வர ஆறு வருடத்துக்கு மேல் ஆகும். அதில் பெரும்பகுதிக் காலம் அதை யாரும் தொடுவதே இல்லை.

ஜுரா என்றதும் டைனோசர் ஞாபகம் வந்தால் தப்பில்லை. ஜுராசிக் காலத்துக்குப் பெயர் தந்தது இந்த மலைத்தொடர்தான். அதன் மேற்குச் சரிவில் சுண்ணாம்பும் களிமண்ணும் கலந்த சாம்பல் நிற மண்ணில் திராட்சைத் தோட்டங்கள் சுமார் 80 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒடுங்கலாக ஓடுகின்றன. மொத்தம் 2000 ஹெக்டேர் சொச்சம். 19ஆம் நூற்றாண்டில் இதைப்போல் பத்து மடங்கு இருந்தது. வேரை உறிஞ்சும் ஃபைலோக்சரா பூச்சி வந்து வழித்துவிட்டுப் போனது.

வான் ஜோனுக்கு ஒரே ஒரு திராட்சைதான்: சாவன்யான். தடித்த தோல், தாமதமாகப் பழுக்கும், புளிப்பு ஜாஸ்தி. ஷாத்தோ-ஷாலோன் என்ற குன்றின் மேல் ஒரு பழைய கன்னியர் மடம் இருந்தது. அங்கிருந்த கன்னியர்தான் இதை ஹங்கேரியிலிருந்து தருவித்தார்கள் என்று கதை சொல்வார்கள். மரபணுவைப் பார்த்தவர்கள் இது ஐரோப்பாவின் பழைய திராட்சையான டிராமினரேதான் என்று சொல்லிவிட்டார்கள். கதை மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது.

முதலில் வழக்கமான முறையைப் பார்த்துவிடலாம். திராட்சைச் சாற்றில் உள்ள சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக மாற்றுகிறது. பிறகு ஒயினை ஓக் மரப் பீப்பாயில் வைக்கிறார்கள். மரத்துக்கு நுண்துளைகள் உண்டு. அதன் வழியே தண்ணீரும் ஆல்கஹாலும் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிப் போகும். பீப்பாயின் உச்சியில் காற்று புகுந்து நிற்கும். காற்று என்றால் ஆக்ஸிஜன், ஆக்ஸிஜன் என்றால் வினிகர் பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம். அதனால் குறைந்த அளவை அவ்வப்போது வேறு ஒயின் ஊற்றி விளிம்புவரை நிரப்பிக்கொண்டே இருப்பார்கள். நிலவறையில் மாதக்கணக்கில் நடக்கும் முக்கியமான வேலையே இதுதான்.

ஜுராக்காரர் இந்த வேலையைச் செய்வதில்லை. சாவன்யான் ஒயினை 228 லிட்டர் பழைய பீப்பாயில் ஊற்றி, மேலே கொஞ்சம் இடம் விட்டு, அடைத்துவிட்டுப் போய்விடுகிறார். சில வாரமோ சில மாதமோ கழித்து ஒயினின் மேல் சாம்பல் நிறத்தில் மெல்லிய ஏடு படிகிறது. காய்ச்சிய பாலின் மேல் நிற்கும் ஆடையைவிட மெல்லியது. அதற்கு அங்கே ‘வுவால்’ என்று பெயர். முக்காடு என்று சொல்லலாம்.

இந்த முக்காட்டை நெய்வது யார்? சர்க்கரையை ஆல்கஹாலாக்கிய அதே ஈஸ்ட் இனம்தான். ரொட்டி மாவை உப்பவைக்கும் சாக்கரோமைசிஸ் செரிவிசியே. ஆனால் கொஞ்சம் வேறு குணமுள்ள வகைகள். சர்க்கரை தீர்ந்ததும் மற்ற ஈஸ்ட்கள் பட்டினியில் பீப்பாயின் அடியில் வண்டலாகப் போய் உட்கார்ந்துவிடும். இந்த வகைகள் அப்படிச் சும்மா சாவதில்லை. எதைத் தயாரித்தனவோ அதையே தின்னத் தொடங்குகின்றன. அதாவது ஆல்கஹாலை. ஆனால் ஆல்கஹாலைச் செரிக்க ஆக்ஸிஜன் வேண்டும். ஒயினுக்குள் ஆக்ஸிஜன் கிடையாது, மேலே இருக்கிறது. அப்போ மேலே போயாக வேண்டும்.

ஈஸ்டுக்கு நீந்தத் தெரியாது. கை கால் இல்லாத, ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு அகலமுள்ள உருண்டை அது. இங்கேதான் ஃப்ளோ-11 என்ற மரபணு கைகொடுக்கிறது. சர்க்கரை தீர்ந்தவுடன் அது விழித்துக்கொண்டு, செல்லின் வெளிச்சுவரில் தண்ணீர் ஒட்டாத ஒரு புரதத்தைப் பூசச் சொல்கிறது. தண்ணீர் ஒட்டாத செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அவை விடும் கரியமிலவாயுக் குமிழிகள் நடுவில் சிக்கிக்கொள்ளும். குமிழியைக் கட்டிக்கொண்ட கூட்டம் மிதந்து மேலே வந்து சேரும். கிணற்றில் நீச்சல் பழகும் பிள்ளைக்கு முதுகில் சுரைக்குடுக்கை கட்டிவிடுவார்களே, அந்தக் கதைதான்.

மேலே வந்து படர்ந்ததும் இரண்டு காரியம் நடக்கிறது. பீப்பாய்க்குள் கசியும் ஆக்ஸிஜனில் பெரும்பகுதியை முக்காடே இழுத்துக்கொள்கிறது. கீழே இருக்கும் ஒயினுக்குக் கொஞ்சம்தான் போய்ச் சேரும். வினிகர் பாக்டீரியாவுக்கு மூச்சுவிட வழியில்லை. கெட்டுப்போனதன் அடையாளம் என்று நாம் நினைக்கும் ஏடே ஒயினுக்குக் காவல். ஆனால் இந்தக் காவலாளி சும்மா வேலை செய்வதில்லை, சரக்கில் கை வைக்கும். ஆல்கஹாலைத் தின்னும்போது அசிட்டால்டிஹைடு என்ற பொருளை ஒயினுக்குள் விட்டுக்கொண்டே இருக்கும். அறுத்த ஆப்பிளும் வால்நட் பருப்பும் சேர்ந்த மாதிரி வாசம் அதற்கு. சாதாரண வெள்ளை ஒயினில் இது இந்த அளவுக்கு இருந்தால் குறை என்று ஒதுக்கிவிடுவார்கள்.

இந்த இடத்தில் லூயி பாஸ்டரைச் சொல்லாமல் போக முடியாது. அவர் பிறந்தது 1822இல் ஜுராவின் டோல் நகரில், வளர்ந்தது ஆர்புவா என்ற ஒயின் ஊரில். அப்பா தோல் பதனிடுபவர். 1863இல் மன்னர் மூன்றாம் நெப்போலியன், ஒயின் ஏன் கெடுகிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னபோது, பாஸ்டர் நேராகச் சொந்த ஊருக்குத்தான் போனார். பீப்பாயின் மேல் படரும் படலங்களை நுண்ணோக்கியில் பார்த்து, அவற்றில் இரண்டு ஜாதி இருப்பதைப் பிரித்துக் காட்டினார்: ஒன்று ஒயினின் பூ, இன்னொன்று வினிகரின் பூ. வெறுங்கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும் இரண்டில் எது காவல், எது திருடன் என்று தெரிந்தது அப்போதுதான்.

அவருடைய இன்னொரு சோதனையும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஈஸ்ட் என்பது திராட்சைக்குள்ளேயே தானாக உருவாகிறது என்ற வாதம் அப்போது ஓயவில்லை. 1878இல் காலமான உடலியல் அறிஞர் கிளோத் பெர்னாரின் குறிப்புகள் அதே ஆண்டு வெளியாகி, அந்த வாதத்துக்கு மறுபடி உயிர் கொடுத்தன. பாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. ஆர்புவா அருகே தனக்குச் சொந்தமான தோட்டத்துக்குக் கண்ணாடிக் கூடங்களைக் கொண்டுபோய், காய் பழுக்கும் முன்பே கொடிகளின் மேல் கவிழ்த்தார். சில குலைகளைப் பஞ்சால் பொதிந்தும் வைத்தார். அறுவடைக் காலத்தில் நசுக்கிப் பார்த்தால் வெளியே இருந்த திராட்சை நொதித்தது, மூடி வைத்தது நொதிக்கவில்லை. ஈஸ்ட் வெளியிலிருந்துதான் வருகிறது. விஷயம் முடிந்தது. செத்தவரோடு இப்படி மல்லுக்கு நிற்கலாமா என்று அன்று முணுமுணுத்தவர்கள் இருந்திருக்கலாம். எனக்கென்னவோ, அந்தப் பிடிவாதம் இல்லாவிட்டால் அவர் பாஸ்டரே இல்லை என்று தோன்றுகிறது.

சரி, வெந்தயத்துக்கு வருவோம்.

செத்த ஈஸ்ட் செல்கள் முக்காட்டிலிருந்து உதிர்ந்து அடியில் சேர்கின்றன. அவை சிதையும்போது அமினோ அமிலங்கள் ஒயினில் கரைகின்றன. அதில் திரியோனின் என்ற அமிலம் உருமாறி, மிதக்கும் அசிட்டால்டிஹைடோடு மெதுவாக வினைபுரிகிறது. மெதுவாக என்றால் வருடக்கணக்கில். கடைசியில் கிடைப்பது சோட்டோலான். மிகக் கொஞ்சம்தான், லிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கில். ஆனால் மனித மூக்கு இதை அந்த அளவிலேயே பிடித்துவிடும். குறைவாக இருந்தால் பாகு காய்ச்சிய வாசம். கூடினால் சந்தேகமே வேண்டாம், வெந்தயம். வெந்தய விதையின் வாசத்துக்கு முக்கியக் காரணமே இந்த மூலக்கூறுதான். வத்தக்குழம்புக்கு வெந்தயம் தாளிக்கும்போது எழும் வாசத்தில் இருப்பதும், ஜுரா நிலவறையில் ஆறு வருடம் காத்திருந்து கிடைப்பதும் ஒன்றே. பழைய நாட்டுச்சர்க்கரையிலும் இது உண்டு. ஜப்பானியர் அதில்தான் இதைக் கண்டார்கள், பெயரில் உள்ள ‘சோட்டோ’வுக்கு அவர்கள் மொழியில் சுத்திகரிக்காத சர்க்கரை என்று பொருள்.

இதன் வீரியத்துக்கு ஒரு சாட்சி சொல்கிறேன். 2005 முதல் நியூயார்க் நகரில் திடீர் திடீரென்று தெருவெல்லாம் மேப்பிள் பாகு மணத்தது. ஏதாவது விஷவாயுவோ என்று பயந்து ஜனங்கள் அவசர எண்ணுக்குப் போன் போட்டார்கள். 2009இல்தான் ஆள் அகப்பட்டது: ஆற்றுக்கு அக்கரையில், நியூஜெர்சியில் ஒரு தொழிற்சாலை வெந்தயத்தை அரைத்துச் சாறு எடுத்துக்கொண்டிருந்தது. நம்மவர் யாராவது அந்தப் பக்கம் போயிருந்தால் நாலு வருடம் தேட வேண்டியிருந்திருக்காது.

ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள் என்று சொன்னேன். அது முழு உண்மை இல்லை. முதலில் இடம் பார்த்து வைக்க வேண்டும். மற்ற ஒயின்களுக்கு ஆழமான, ஆண்டு முழுக்கக் குளிர்ச்சி மாறாத நிலவறை வேண்டும். வான் ஜோனுக்குத் தரைமட்ட அறையோ மாடிப் பரணோகூட நல்லது. கோடையில் சூடேறி, குளிர்காலத்தில் குளிர வேண்டும். குளிரில் முக்காடு சோர்ந்து மெலியும், வசந்தத்தில் மறுபடி தழைக்கும். காய்ந்த காற்றுள்ள இடமாக இருந்தால் ஆல்கஹாலைவிடத் தண்ணீர் அதிகமாக ஆவியாகும். ஈஸ்ட் தின்றது போகவும் ஆல்கஹாலின் வீதம் குறையாமல் நிற்பது அதனால்தான்.

அப்புறம் கண்காணிப்பு. மேல் துளை வழியாகக் குழாயை விட்டால் முக்காடு கிழிந்துவிடும். அதனால் பீப்பாயின் முகப்பலகையில் கீழ்ப்பக்கமாக ஒரு சின்னக் குழாய் பொருத்தியிருப்பார்கள். அதில் கொஞ்சம் பிடித்து முகர்ந்து பார்ப்பார்கள், ஆய்வகத்துக்கும் அனுப்புவார்கள். அசிட்டிக் அமிலம் ஏறினால் வினிகரின் பூ உள்ளே வந்துவிட்டது என்று அர்த்தம். அந்தப் பீப்பாயை உடனே விலக்கியாக வேண்டும். ஒரே தோட்டம், ஒரே நாள் ஊற்றியது, பக்கத்துப் பக்கத்துப் பீப்பாய் என்றாலும் ஒன்று தேறும், ஒன்று தேறாது. ஷாத்தோ-ஷாலோன்காரர்கள் இன்னும் கறார். திராட்சை சரியில்லாத 1974, 1980, 1984, 2001 ஆகிய ஆண்டுகளில் ஊர்ப்பெயரில் ஒரு பாட்டில்கூட வேண்டாம் என்று தாங்களே முடிவெடுத்துவிட்டார்கள்.

தேறியது ஆறாம் வருடம் டிசம்பர் 15 வரை காத்திருக்கும். பிறகு ‘கிளாவலான்’ என்ற கட்டையான, தோள் அகன்ற பாட்டிலில் அடைக்கப்படும். அளவு 62 சென்டிலிட்டர். ஊற்றிய ஒரு லிட்டரில் காற்றும் ஈஸ்டும் எடுத்துக்கொண்டது போக மிஞ்சுவது இவ்வளவுதான் என்று கணக்குச் சொல்வார்கள். பிப்ரவரித் தொடக்கத்தில், ஆண்டுக்கொரு ஊராக, முதல் பீப்பாயைத் திறக்கும் திருவிழா நடக்கும். உள்ளூர் கோம்தே சீஸோடு சாப்பிடுவார்கள். திறந்த பாட்டில் வாரக்கணக்கில் கெடாது. ஆக்ஸிஜன் செய்யக்கூடியதையெல்லாம் ஏற்கெனவே பீப்பாயிலேயே செய்துவிட்டது, இனிப் புதிதாக என்ன செய்யும்?

எத்தனை காலம் தாங்கும் என்பதற்கு 1774ஆம் ஆண்டு வான் ஜோன் இருக்கிறது. பதினாறாம் லூயி பட்டத்துக்கு வந்த வருடம் பறித்த திராட்சை. அதில் ஒரு பாட்டில் 2018இல் 1,03,700 யூரோவுக்கு ஏலம் போனது. இன்னொன்றை 1994இல் 24 பேர் கூடித் திறந்து சுவைத்து, பத்துக்கு 9.4 மதிப்பெண் போட்டார்கள். 220 வருடத்துக்குப் பிறகு அதில் என்னென்ன வாசம் இருந்தது என்று அவர்கள் எழுதிய பட்டியல்: கொட்டைப் பருப்பு, பட்டை, வெனிலா, உலர்ந்த பழம், ‘கரி’. கடைசியாக உள்ளது நம் ‘கறி’யிலிருந்து போன சொல். ஐரோப்பாவில் அந்தப் பெயரில் விற்கும் மஞ்சள் பொடியில் தூக்கலாக நிற்பது வெந்தயம்.