காது மந்தம் என்ற கடிதம் மட்டும் போதாது

பினாங்கு பிறையில் தகடு அழுத்தும் ஸ்டாம்பிங் மெஷின் பக்கத்தில் 22 வருடம் நின்றவர், மலேசியத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ, காது மந்தத்துக்கான இழப்பீட்டை நிராகரித்த கடிதத்தோடு என் கிளினிக்குக்கு வந்தார். கோப்பைப் பிரித்தால் ஒரே ஒரு ஸ்பெஷலிஸ்ட் கடிதம்: ‘இரு காதிலும் கேட்கும் திறன் குறைவு, வயது 54.’ இதே கோப்பை வேறு வேறு ஆட்கள் கையில் பார்த்து அலுத்துவிட்டது.

காது கேட்கவில்லை என்பதை யாருமே மறுக்கவில்லை ஐயா. வேலையால் போனதா என்பதுதான் கேள்வி. “ஸ்பெஷலிஸ்ட் கடிதம் இருக்கே டாக்டர்!” என்கிறீர்கள். அவர் உங்கள் காதைப் பார்த்தார், கம்பெனியைப் பார்க்கவில்லை. எவ்வளவு பெரிய மருத்துவமனை முத்திரையாக இருந்தாலும் சரி, எந்த மெஷின், எத்தனை வருடம், எவ்வளவு சத்தம் என்று ஒரு வரி இல்லாவிட்டால் சொக்சோவின் மருத்துவ வாரியம் வயதின் மேல்தான் பழியைப் போடும். இன்னொரு ஸ்பெஷலிஸ்டிடம் இன்னொரு கடிதம் வாங்கினாலும் இதே கதைதான்.

சத்தத்தால் கெட்ட காதின் ஆடியோகிராமில் (செவிப் பரிசோதனை வரைபடத்தில்) வழக்கமாக 4,000 ஹெர்ட்ஸ் அருகே பள்ளம் விழும். மூப்பால் கெட்டதில் கோடு சரிந்துகொண்டே போகும். வயது ஏற ஏற இரண்டும் கலந்துவிடுவதால், பழைய ஆடியோகிராம்தான் எங்களுக்குத் தங்கம். சத்தம் 8 மணி நேரச் சராசரியில் 85 டெசிபலைத் தாண்டினால் ஆண்டுதோறும் செவிப் பரிசோதனை செய்வது, வேலையிடச் சத்தம் பற்றிய 2019 விதிமுறைப்படி முதலாளியின் கடமை. நகலைக் கேட்டு வாங்குங்கள். “நர்ஸ் ரூம்ல இருக்கு” என்ற பதிலோடு திரும்பி வராதீர்கள்.

நியமனக் கடிதம், இலாகா மாற்றக் கடிதம், பழைய பேஸ்லிப் எதையும் தூக்கிப் போடாதீர்கள். அப்புறம், தைப்பூசத்துக்கு உறுமி அடிப்பவர், சின்ன வயதில் காதில் சீழ் வந்தவர், மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வாரியத்தின் முன் அது வெளிவந்தால் உண்மையான பாதிப்பையும் சந்தேகப்படுவார்கள்.

சக மருத்துவர்களே, தொழில்நோய் என்று தெரிந்தால் 7 நாளுக்குள் தொழில் பாதுகாப்புத் துறைக்கு அறிவிப்பது நம் கடமை. சொட்டு மருந்து எழுதி அனுப்புவதோடு வேலை முடியவில்லை.

வேலையை விட்டவர்களும் தள்ளிப் போடாதீர்கள். சொக்சோ சட்டத்தின் அட்டவணையில் உள்ள தொழில்நோய், வேலையை விட்ட 60 மாதத்துக்குள் வந்தால், வேறு காரணம் நிரூபிக்கப்படாத வரை வேலையால் வந்ததாகவே சட்டம் கொள்ளும். வாரியம் ஏற்கெனவே மறுத்துவிட்டதா? மேல்முறையீட்டுக்கு 90 நாள்தான். தயவுசெய்து அந்தக் கடிதத்தை அலமாரியில் வைக்காமல், முதலில் அதிலுள்ள தேதியைப் பாருங்கள்.