இலைக்குள் இடம் மாறும் பச்சை

வேளச்சேரியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "எங்கள் ஹாலில் வெளிச்சத்துக்குக் குறைவே இல்லை. ஆனாலும் மணி பிளான்ட் கொடி நீண்டுகொண்டே போகிறது, இலை சிறுத்துவிட்டது. சரி, வெயில் போதவில்லை போல என்று பால்கனியில் வைத்தேன். மூன்றே நாளில் இலைகள் வெளுத்துக் காய்ந்துவிட்டன. அதற்கு என்னதான் வேண்டும்?"

முதலில் ஹால். வெளிச்சத்தை அளக்க நம் கண் உதவாது. வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். உச்சி வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் இருக்கும். ட்யூப் லைட் எரியும் அறையில் 200, 300 லக்ஸ் இருந்தாலே நாம் வசதியாகப் பேப்பர் படிக்கிறோம். இத்தனை பெரிய வித்தியாசத்தைக் கண் சரிக்கட்டிவிடும், இலையால் முடியாது. அந்த வெளிச்சத்தில் தயாராகும் சர்க்கரை சுவாசத்துக்கே செலவாகிவிடுகிறது. பெரிய இலை விட மிச்சம் வேண்டுமே! அதனால்தான் வெளிச்சம் தேடிக் கொடி மட்டும் ஓடுகிறது.

மணி பிளான்ட்டின் சொந்த ஊர் பசிபிக் கடலில் இருக்கும் மோரியா தீவு. அடர்ந்த மழைக்காட்டின் தரைக்கு வெயிலில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் இறங்கும். அதுவே 1,000, 2,000 லக்ஸ் ஆகிவிடும். நிழல் செடி என்று நாம் சொல்லும் செடிக்குக்கூட நம் ஹாலைப் போலப் பல மடங்கு வெளிச்சம் பழக்கம்.

அப்படியென்றால் பால்கனியில் ஏன் கருகியது? எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இங்கேதான் வருகிறது.

பள்ளியில் ஹைட்ரில்லா இலையை மைக்ராஸ்கோப்பில் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு செல்லிலும் சின்னச் சின்னப் பச்சை வில்லைகள், அதாவது பசுங்கணிகங்கள், தெரியும். பெரும்பாலான செடிகளில் இவை வெளிச்சத்துக்குத் தக்கபடி இடம் மாறும். மங்கலான வெளிச்சத்தில், வெயிலில் வடகம் பரப்பியதுபோல, இலையின் மேற்பரப்பை ஒட்டிய சுவரில் பரவிக்கொள்கின்றன. வெளிச்சம் கடுமையானால் பக்கச் சுவர்களுக்கு ஒதுங்கி, ஒன்றன் நிழலில் ஒன்று நின்றுகொள்கின்றன. நிமிடத்துக்குச் சுமார் ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று ஊர்ந்தே இதைச் செய்துமுடிக்கின்றன. பூக்கும் செடிகளில் இதற்கு உத்தரவு தருவது நீல ஒளி. அதை உணரும் புரதத்தின் பெயர் ஃபோட்டோட்ரோபின்.

இந்தப் புரதத்தின் வேலையைக் கண்டுபிடித்த முறை இன்னும் அழகு. ஜப்பானில் தாவர ஆய்வாளர் மசமிட்சு வாடாவும் உடன் வேலை செய்தவர்களும் கடுகுக் குடும்பத்து அராபிடாப்சிஸ் இலையைக் கறுப்புத் தகட்டால் மூடினார்கள். தகட்டில் ஒரு மெல்லிய கீறல் மட்டும். அதன் வழியே கடும் வெளிச்சத்தைப் பாய்ச்சினால், கீறலுக்கு நேராக இலையில் ஒரு வெளிர்கோடு விழும். பச்சை அழிந்துவிடவில்லை, ஓரமாக ஒதுங்கியிருக்கிறது, அவ்வளவுதான். கோடு விழாத செடிகளைத் தேடியெடுத்து, அவற்றில் பழுதான மரபணு எது என்று 2001-இல் சொன்னார்கள். அடுத்த ஆண்டு இன்னொன்றும் தெரிந்தது: ஒதுங்கத் தெரியாத அந்தச் செடிகளைக் கடும் வெளிச்சத்திலேயே விட்டுவைத்தால் இலைகள் வெளுத்துக் கருகிவிடுகின்றன.

அதற்கு முன் வாடா பல ஆண்டுகள் பெரணிச் செடியின் செல்லில் இந்த வில்லைகள் எங்கே போகின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தவர். அப்படிப் பார்ப்பதற்கு ஒரு நாடு பணம் கொடுத்தது. நம்மிடம் இப்படி ஒரு விண்ணப்பம் வந்தால் "இதனால் என்ன பயன்?" என்றுதான் முதலில் கேட்போம். அந்தக் கேள்வியைப் பத்து வருஷம் கழித்துக் கேட்டாலும் ஒன்றும் கெட்டுவிடாது என்பது என் கருத்து.

வாசகியின் செடிக்கு வருவோம். வில்லைகள் ஒதுங்குவது ஓரளவுக்குத்தான் காக்கும். ஹாலில் முளைத்த இலை மங்கிய வெளிச்சத்துக்கென்றே மெல்லியதாக அமைந்துவிட்டது. அதைத் திடீரென்று பல மடங்கு வெயிலில் வைத்தால், ஒதுங்கியும் தப்பிக்க முடியாது. வெளியே கொண்டுபோவதானால் இரண்டு வாரம் எடுத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்த வேண்டும். வெளிச்சத்தில் வளரும் புது இலைகள் அதற்கேற்பத் தடிப்பாக வரும்.

வைக்கும் இடத்துக்கு வெளிநாட்டுப் புத்தகங்கள் தெற்கு ஜன்னலைச் சிபாரிசு செய்யும். அது லண்டனுக்குச் சரி. சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் மத்தி வரை நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். அந்த மாதங்களில் காலை, மாலை வெயில் வடக்கு ஜன்னலில்தான் விழும். தெற்கு ஜன்னலுக்கு மார்கழி, தை வெயில். வருஷம் முழுக்கக் கவலையில்லாதது கிழக்கு ஜன்னல். அக்னி மூலையில் வைத்தால் பணம் வரும் என்று பலர் ஜன்னலே இல்லாத மூலையில் வைத்துவிடுகிறார்கள். பாவம், செடி பட்டினி கிடக்கிறது. தயவுசெய்து வெளிச்சம் இருக்கும் பக்கம் வையுங்கள்.

ஜன்னலே தோதுப்படாதவர்களுக்கு ஒரு வெள்ளை எல்.இ.டி. பல்ப் போதும். ஆனால் கூரையில் வேண்டாம். இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து அரை மீட்டருக்கு இறக்கினால் இலைக்குக் கிடைக்கும் ஒளி சுமார் 16 மடங்காகும். டேபிள் லாம்ப்பில் மாட்டி, தினமும் பன்னிரண்டு மணி நேரம் எரியவிடுங்கள்.

வேளச்சேரிச் செடியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கருகிய இலைகள் மறுபடி பச்சையாகாது, கிள்ளிவிடலாம். தண்டு பச்சையாக இருந்தால் கணுவிலிருந்து துளிர் வரும்.