கொழுக்கட்டைப் புல் விதையின் உறக்கம்

மாதவரம் பால்பண்ணைப் பகுதியில் இரண்டு கறவை மாடுகள் வைத்திருக்கும் என் பெரியப்பா, தை மாதம் உருவிய கொழுக்கட்டைப் புல் என்ற தீவனப் புல்லின் விதையை மாசியிலேயே தூவி, நாள்தோறும் தண்ணீர் தெளித்தும், விரல்விட்டு எண்ணுமளவே முளைகள் வந்தன. விதை செத்துப்போனது என்று அவர் வருந்தினார். அது சாகவில்லை, உறங்கிக்கொண்டிருந்தது.

ஆப்பிரிக்கா முதல் இந்தியா வரையிலான வறண்ட நிலங்களில் இயல்பாக வளரும் இந்தப் புல்லின் விதை மழைக்காலத்தின் முடிவில் முற்றுகிறது. கோடையில் எப்போதோ பெய்யும் ஒரு மழையை நம்பி எல்லா விதையும் முளைத்துவிட்டால், வேர் ஆழம் பிடிக்குமுன்பே நாற்று கருகிவிடும் என்பதால், புதிய விதை ஈரம் பட்டாலும் எழுவதில்லை.

தடை இரண்டு இடங்களில் இருக்கிறது. விதையை மூடிய உமி, நனைந்தபின் ஆக்சிஜன் கருவை எட்டுவதைக் குறைக்கிறது. கருவுக்குள் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் வளர்ச்சியை அடக்கிவைக்க, ஜிப்ரெலின் என்ற மற்றொரு ஹார்மோன் அதை எழுப்பப் போராடுகிறது. உலர்ந்த விதை மாதக்கணக்கில் கிடக்கும்போது இந்தச் சமநிலை மெல்ல ஜிப்ரெலின் பக்கம் சாய்கிறது. வெப்பமான அறையில் இது விரைவாகவும், குளிர்ந்த இடத்தில் மெதுவாகவும் நடக்கும்.

அடுத்த முறை விதையை வெந்நீரில் போடலாம் என்று பெரியப்பாவுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அது வேலிமசால் போன்ற பயறுவகைத் தீவனங்களுக்கான வழி. அவற்றின் கடினமான தோல் தண்ணீரையே உள்ளே விடாது, வெந்நீர் அதில் வழி திறக்கிறது. புல் விதையோ தண்ணீரை எளிதில் உறிஞ்சிவிடும். அதற்கு வெந்நீரால் பயனில்லை, கரு வெந்துபோகும் அபாயமே உண்டு. நன்மை செய்வதாக நினைத்து விதையைக் கொல்லும் இந்தக் குழப்பத்தைத் தவிர்த்தே ஆக வேண்டும்.

விதைப் பரிசோதனைக் கூடங்களில் 0.2 சதவீதப் பொட்டாசியம் நைட்ரேட் கரைசலில் நனைத்த தாளில் விதையைப் பரப்பி, 20 பாகை, 35 பாகை செல்சியஸ் வெப்பநிலைகளை மாறிமாறிக் கொடுக்கிறார்கள். நிழலற்ற வெற்று நிலத்தின் மேற்பரப்பில்தான் இரவுக்கும் பகலுக்கும் இவ்வளவு வேறுபாடு இருக்கும்; ஆகவே அந்த ஏற்ற இறக்கம், மேலே போட்டிச் செடிகள் இல்லை என்ற சேதியைக் கருவுக்குத் தருகிறது. பிராக்கியாரியா என்ற மற்றொரு தீவனப் புல்லின் உமியை அடர் கந்தக அமிலத்தால் அரிப்பதும் உண்டு, ஆனால் அது வீட்டில் செய்யத்தக்கதன்று.

வீட்டில் செய்யக்கூடியது எளிது. இருபது விதைகளை உமி நீக்கியும் இருபதை உமியோடும் ஈரத்துணியில் வைத்தால், உமி நீக்கியவை மட்டும் முளைக்கும்போது தடை உமியில் இருப்பது விளங்கும். எஞ்சிய விதையைப் பெரியப்பா துணிப்பையில் கட்டிப் பரணில் வைத்திருக்கிறார். வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசிக் கடைசியில் அதை மேலாகத் தூவப்போகிறார்.