பல் ஆடுவது பல்லின் குற்றமல்ல

பல் துலக்கும்போது ஈறுகளில் ரத்தம் கசிகிறதாம். அந்த இடத்தில் பிரஷ் படாமல் விட்டுவிடலாமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். விடக் கூடாது. விட்டால் அழுக்கு சேரும், சேர்ந்தால் இன்னும் கசியும். பழியை மட்டும் பிரஷ் சுமக்கும்.

பல்லின் மேல் படியும் வழவழப்பு, சோற்றுத் துணுக்கு அல்ல, பாக்டீரியாக்களின் குடியிருப்பு. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் ஹரால்ட் லோ என்ற ஆய்வாளர் 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் செய்து, முடிவை 1965இல் வெளியிட்டார். மூன்று வாரங்களுக்குள் அனைவருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஒரு வாரம், பத்து நாளில் வீக்கம் வடிந்தது. இந்தக் கட்டம் வரை பயமில்லை.

அந்தப் படலம் பல்லுக்கும் ஈறுக்கும் இடையே கீழிறங்கித் தங்கிவிட்டால்தான் கதை மாறும். கிருமி தாடை எலும்பைத் தின்றுவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். கரைப்பது கிருமியல்ல, நம் உடலேதான்! எலும்பில் ஒருபக்கம் இடிப்பதும் மறுபக்கம் கட்டுவதும் ஓயாமல் நடக்கிறது. இடிக்கும் செல்லுக்கு ஆஸ்டியோகிளாஸ்ட் என்று பெயர். ரத்த வழியே வந்த செல்கள் சில ஒன்றோடொன்று கலந்து இந்தப் பெரிய செல்லாகின்றன. அது எலும்பின் மேல் கவிழ்த்த கிண்ணம்போல் உட்கார்ந்து, விளிம்பை இறுக ஒட்டிக்கொண்டு, உள்ளே அமிலத்தைச் சுரக்கிறது. தாதுக்கள் கரைந்தபின் எஞ்சும் புரத நாரை நொதியால் செரிக்கிறது.

இடிக்கச் சொல்லும் உத்தரவு ராங்க்எல் என்ற புரதம். எலும்பைக் கட்டும் செல்களே அதை அனுப்புகின்றன என்பதுதான் வேடிக்கை. அந்த உத்தரவைப் பாதி வழியில் மடக்கிக்கொள்ள ஓபிஜி என்று இன்னொரு புரதமும் உண்டு. இரண்டும் ஈடாக இருக்கும்வரை எலும்பு நிலைத்திருக்கும். ஈறில் அழற்சி நாள்பட்டால், கிருமியோடு சண்டையிட வந்து குவிந்த வெள்ளையணுக்களும் ராங்க்எல் சுரக்கத் தொடங்கும். மடக்க ஆள் போதாது. எலும்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், பெரும்பாலும் வலியே இல்லாமல். பிடிமானம் போன பல் ஆடத் தொடங்கும்.

எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. இதே லோவின் குழு இலங்கைத் தேயிலைத் தோட்டங்கள் இரண்டில், பிரஷ்ஷையே அறியாத 480 ஆண் தொழிலாளர்களை 1970 முதல் 15 ஆண்டுகள் பரிசோதித்தது. அத்தனை பேர் பற்களிலும் அழுக்கு, ஈறுகளில் அழற்சி. ஆனால் 8 சதவீதத்தினருக்கு நோய் வேகமாக முற்றியது, 81 சதவீதத்தினருக்கு மிதமான வேகத்தில் வளர்ந்தது, 11 சதவீதத்தினருக்கு ஈறுக்கு அப்பால் போகவே இல்லை. அழுக்கு ஒன்றுதான், உடல் தரும் பதில்தான் வேறு. பல் மருத்துவம் எட்டாத இடம் என்பதால்தான் இப்படியோர் ஆய்வு சாத்தியமாயிற்று என்பது ஒவ்வொரு முறையும் என் மனதை உறுத்துகிறது. அந்த 11 சதவீதத்தினரைக் காத்தது எது என்று துருவுவதற்கு, புதுப் பற்பசை விளம்பரங்களுக்குச் செலவாகும் பணத்தில் ஒரு துளி போதும்.

சர்க்கரை நோய் கட்டுப்படாவிட்டால் ஈறு நோய் முற்றும், ஈறு நோய் சர்க்கரையையும் ஏற்றும். புகைப்பவர்களுக்கு ரத்தக் கசிவு குறைவாகவே இருக்கும். அது நலத்தின் அறிகுறியல்ல, நோய்க்குப் போட்ட திரை.

“கிளீனிங் செய்தால் பல் ஆடும்” என்று எங்கள் வீட்டுப் பெரியவர்களும் சொல்லித்தான் வளர்த்தார்கள். உமிழ்நீரின் கால்சியம் படிந்து அழுக்கு இறுகுவதுதான் காரை. உமிழ்நீர் வந்து விழும் கீழ் முன்பற்களின் உட்புறத்தில் நாக்கால் தடவினாலே சிலருக்குத் தட்டுப்படும். எலும்பு ஏற்கெனவே இறங்கிய பல்லை அந்தக் காரை முட்டுக்கொடுத்து மறைத்திருக்கும். கிளீனிங்கில் அதை எடுத்ததும் உள்ள நிலை வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

கேட்டவருக்கு: மென்மையான பிரஷ்ஷை ஈறு விளிம்பில் சாய்த்துப் பிடித்துத் துலக்குங்கள், பல்லிடுக்குகளை நூலாலோ சிறு பிரஷ்ஷாலோ சுத்தம் செய்யுங்கள். பத்து நாளில் ரத்தம் நிற்காவிட்டால் பல் மருத்துவரிடம் போய், பல்லுக்கும் ஈறுக்கும் இடையிலான பள்ளத்தின் ஆழம் எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து சொல்லச் சொல்லுங்கள். 3 வரை சரி.